முதல் சட்டி

எங்கள் வட்டாரத்தில் மாதர் சங்கம் என்றால் ஒரு தையல் மிஷின் என்று அர்த்தம். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தபோது, என் பொறுப்பில் இருந்த ஊர்களில் எல்லாம் சர்க்கார் கொடுத்த மிஷின் ஒன்று இருந்தது. ஏழைப் பெண்கள் தைத்துப் பிழைப்பதற்காக வந்தது. அது சங்கத் தலைவியின் வீட்டுக் கூடத்தில், பூவேலை செய்த உறை போட்டுக்கொண்டு கலியாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த மிஷினில் தைத்தது அந்த உறை ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான் என்று ஒரு கூட்டத்தில் வாய்விட்டே சொன்னேன். தலைவியின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஊரில் காப்பி கிடைக்கவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அதனாலேயோ என்னவோ, காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரையோடு வெயிலில் நடக்க வேண்டிய ஓர் ஊரைப் பார்த்து எனக்குக் கொடுத்தார்கள். வட்டார வளர்ச்சி ஆபீஸ் ஆள் என்பதால் அங்கே என்னைப் 'பிளாக்கு டீச்சர்' என்று கூப்பிட்டார்கள். நான் யாருக்கும் ஒரு எழுத்துகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. சர்க்கார் சம்பளம் வாங்கும் பெண் என்றால் டீச்சர், அவ்வளவுதான்.

அந்த ஊரில் தையல் எடுபடாது என்று வந்த வாரமே தெரிந்துவிட்டது. பெரிய வீட்டுக்காரர்கள் காரைக்குடியில் தைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்குத் தைக்கத் துணி இல்லை. ஆனால் பலகாரம் அப்படி இல்லை. இந்தச் சீமையில் பலகாரம் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. கலியாணத்துக்குப் பலகாரம், பிள்ளை பிறந்தால் பலகாரம், அறுபதாம் கலியாணத்துக்குப் பலகாரம், மகளைப் பார்க்கப் போனால் ஒரு தூக்கு நிறையப் பலகாரம். பெரிய வீடுகளில் முன்பெல்லாம் பத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து சுட்டார்கள். இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதி வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுட்டுக்கொடுக்க ஆள் வேண்டும். சுடத் தெரிந்த பெண்களோ வேலையில்லாமல் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. இருபத்து நாலு வயதில் எல்லாமே முடிச்சுப் போட்டால் போதும் என்றுதான் தோன்றும்.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். கிணற்றில் தூர் வாரும்போது மண் சரிந்து புருஷன் போய்விட்டார். முப்பது வயதுக்கு முன்னாலேயே வெள்ளைச் சேலை. ஒரே மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டில் வந்து இருந்தார். அங்கே சோறு உண்டு, பேச்சும் உண்டு. விடிந்ததிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் அவர்தான் நின்றார்.

மகள் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அண்ணன் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். அவரோடு சேர்ந்து மாட்டுத் தரகு செய்கிற மனிதர். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் சம்சாரம் செத்து, இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். நகை நட்டு எதுவும் வேண்டாம், பெண் பெரியவளானதும் கட்டிக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்.

"படிச்சு முடிக்கட்டும்னு சொன்னேன் டீச்சர். யாரு வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு யாரு படிக்கிறதுன்னு மதினி கேட்டாக. கேக்கத்தானே செய்வாக" என்றார் அக்கா. "எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தா நான் வாயத் தொறந்து வேணாம்னு சொல்லுவேன். அவுக அடுப்புல பொங்கித் தின்னுக்கிட்டு எப்புடிச் சொல்றது?"

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு அடுப்பு வாங்கிக் கொடுத்தால் ஆயிற்று.

அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி ஒரு பெரிய வீட்டு ஆச்சி. நல்ல மனுஷி, என் வாய்க்குப் பயப்படாதவர். வீட்டுக்குப் பின்னால் வில்வண்டி நின்ற கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. வண்டியும் இல்லை, மாடும் இல்லை. கேட்டேன். "மாடு கட்டுன எடந்தானே, கழுவி விட்டுக்கிட்டுப் புழங்குங்க" என்று சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அண்டாவும் எண்ணெய்ச் சட்டியும் அவர் வீட்டிலிருந்தே வந்தன. சர்க்காரிடமிருந்து ஒரு சின்னக் கடன் வாங்கினேன். அதற்காக நான் ஏறி இறங்கிய படிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது வேறு கதையாகிவிடும்.

வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் புருஷனை இழந்தவர்கள், அல்லது புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள். வேறு யார் வருவார்கள்? புருஷன் இருக்கிற பெண்ணைக் கொட்டகைக்கு அனுப்ப எந்த வீட்டிலும் மனசு வரவில்லை. எந்தத் தெருப் பெண் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னேன். அவர்கள் கேட்கவும் இல்லை. அநேகமாக எல்லோரும் ஒரே நிறச் சேலையில் இருந்ததால் கேட்கத் தோன்றவில்லையோ என்னவோ.

அக்காவின் கையில் சீப்புச் சீடை நன்றாக வரும். பச்சரிசி மாவில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்து, வரி வரியாக விழுகிற அச்சில் பிழிந்து, விரல் நீளம் வெட்டி, விரலிலேயே சுற்றி மோதிரம் மாதிரி ஒட்டிப் போட வேண்டும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்புப் பக்கத்தில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து சுற்றிக் கொடுப்பாள். பத்து விரலிலும் பத்துச் சீடையை மாட்டிக்கொண்டு, "டீச்சர், என் நகையப் பாருங்க" என்று என்னிடம் நீட்டுவாள். அம்மா தலையில் ஒரு குட்டு வைப்பார். அந்தக் கொட்டகையில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

காரைக்குடி டீக்கடைகளுக்கும் சந்தைக்கும் கொண்டுபோய் விற்றோம். தேவகோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிற பையன்கள் வாங்கினார்கள். அடுத்த தைக்குள் அக்கா ஊர்க்கோடியில் ஒரு கீற்று வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டார். குடி போன அன்று என்னைக் கூப்பிட்டிருந்தார். மூன்று கல், அதன் மேல் ஒரு புதுப் பானை. பால் காய்ச்சவில்லையா என்று கேட்டேன்.

"நான் காச்சக் கூடாது டீச்சர். கஞ்சி காச்சுனா யாரு என்ன சொல்லப் போறாக" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தேன்.

அந்த மாதமே அண்ணன் வந்து மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தார். அக்கா தன் வாசலில், தன் நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டு சொன்னாராம்: "எம் மக படிக்கிறாண்ணே. அவுகள வேற எடம் பாக்கச் சொல்லுங்க." அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதை என்னிடம் சொல்லும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அந்த ஊரில் நான் செய்த வேலைக்குக் கூலி அன்று முழுசாகக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் டீக்கடையை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? கண்ணாடிப் பாட்டிலில் பிஸ்கட்டும் பன்னும் வந்து உட்கார்ந்தன. கடைக்காரர்கள் எங்கள் சீடையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இனி கலியாண வீட்டு ஆர்டர் வந்தால்தான் அடுப்பு எரியும் என்றாகிவிட்டது. காரைக்குடியிலிருந்து ஒரு பெரிய வீட்டு அம்மாள் மகள் கலியாணத்துக்காக எங்கள் பலகாரத்தைப் பார்க்கக் காரில் வந்தார். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சீடையைக் கடித்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "இது யாரு கை?" என்றார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அந்த அம்மாள் அவருடைய சேலையைப் பார்த்தார். உள்ளே எட்டி மற்றவர்களையும் பார்த்தார்.

"நல்லாருக்கு. வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். மரியாதையாகத் தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். சொல்லி அனுப்பவில்லை.

எனக்கு அப்போதுகூட விளங்கவில்லை. கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியிருந்தது. ஆச்சிதான் என்னை உட்கார வைத்துச் சொன்னார். கலியாணப் பலகாரத்துக்கு முதல் சட்டி வைப்பது ஒரு சடங்கு. நல்ல நாள் பார்த்து, அடுப்புக்குக் கோலம் போட்டு, சட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, புருஷனோடு வாழ்கிற பெண் ஒருத்தி முதல் பலகாரத்தை எண்ணெயில் போடுவாள். தாலி அறுத்தவள் கை அதில் படக் கூடாது. பட்டால் அது மணப்பெண்ணின் தாலியில் போய் நிற்கும்.

"இதெல்லாம் சட்டத்துல இருக்கா ஆச்சி?" என்றேன்.

"நான் சட்டம் பேசல. நடக்குறதச் சொல்றேன். நீங்க கோவிச்சுக்கிட்டா மட்டும் ஆர்டர் வந்துருமா?"

"அப்ப முதல் சட்டிய நான் போடுறேன்."

"கழுத்துல ஒண்ணும் இல்லாம நீங்க எப்புடிப் போடுவீக? மொதல்ல கட்டிக்கிட்டு வாங்க, பாப்போம்."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. பிழைக்க வழியில்லாதவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில். அந்தத் தொழிலில் வருமானம் வருகிற ஒரே இடம் கலியாண வீடு. அந்த இடத்தில் மட்டும் அவர்கள் கை படக் கூடாது என்றால், இவர்களை எந்தக் கிணற்றில் விழச் சொல்கிறார்கள்?

வழி சொன்னது அக்காதான். "ஒரு கட்டுக்கழுத்தியக் கூட்டியாந்து மொதச் சட்டிய மட்டும் போடச் சொல்லுவோம் டீச்சர். அவுகளுக்கு ஒரு பங்கு குடுத்துருவோம். மிச்சத்த நாம பாத்துக்கிருவோம்." கட்டுக்கழுத்தி என்றால் கழுத்தில் தாலியோடு இருக்கிறவள். எல்லோருக்கும் சந்தோஷம். சடங்கும் கெடாது, பிழைப்பும் கெடாது. எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

கோவிலுக்குப் பூக்கட்டுகிறவரின் மனைவி வந்தார். நல்ல உயரம், நெற்றி நிறையக் குங்குமம், வாசலில் நுழையும்போதே சத்தம் கேட்கும். வரிசையாக ஆண் பிள்ளைகள் வேறு, அதனால் ராசிக்காரி என்று பெயர். அவர் முதல் சீடையை எண்ணெயில் போட்டார். அது உடையாமல் மிதந்து வந்தது. அக்கா போட்ட சீடையும் என்றைக்கும் அப்படித்தான் மிதந்து வந்தது. அதற்கு யாரும் குலவை போட்டதில்லை.

ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. அமராவதிபுதூரிலிருந்து வந்தது, காரைக்குடியிலிருந்து வந்தது, ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று வீடுகள் வந்தன. நாங்கள் எல்லோரும் எண்ணெய்ப் புகையில் கண் எரிய வேலை செய்தோம். அக்கா கூரைக்குப் புதுக் கீற்று வேய்ந்தார். மகள் பத்தாவது போனாள்.

பிறகு ஒரு கலியாண வீட்டார், முதல் சட்டி மட்டும் போதுமா, அன்றைக்குப் பூராவும் அடுப்புப் பக்கம் வெள்ளைச் சேலை தெரியாமல் இருந்தால் நல்லது என்றார்கள். நடுவே ஒரு படுதா கட்டினோம். இன்னொரு வீட்டார் படுதாவை விலக்கிப் பார்த்தார்கள். பூக்காரம்மா தன் நாத்தனாரைக் கூட்டிவந்தார், பிறகு நாத்தனாரின் ஓரகத்தி வந்தார். பெண்கள் கொட்டகைக்குப் போனால் காசு வருகிறது என்று தெரிந்ததும் புருஷன்மார்களுக்கு மனசு வந்துவிட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்று நான் முணுமுணுப்பேன். ஆனால் பூக்காரம்மாவைக் கெட்டவர் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அவர் கெட்டவர் இல்லை. வேலைக்கு அஞ்ச மாட்டார். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர்தான் கஞ்சி கொண்டுபோவார்.

இந்தச் சமயத்தில் ஆச்சியின் புருஷர் காலமானார். காரியமெல்லாம் முடிந்து பல நாள் ஆகியும் ஆச்சி கொட்டகைக்கு வரவில்லை. அவர் வீட்டுப் பின்கதவுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு முற்றம்தான். அந்தக் கதவு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக் கிடந்தது. நான் முன்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தேன். நகையெல்லாம் கழற்றிவிட்டு, வெள்ளைச் சேலையில் சின்னவராகத் தெரிந்தார்.

"தலைவியா நீங்கதான் ஆச்சி இருக்கணும். நீங்க குடுத்த இடம்" என்றேன்.

"இந்தக் கோலத்துல நான் அங்க வந்து நின்னா, வர்ற ஆர்டரும் போயிரும். பூக்காரவுக வீட்டுப் பொம்பளைய வச்சுக்கிருங்க. சங்கம் நல்லாருக்கட்டும்." காப்பி கொடுக்கச் சொல்லி உள்ளே ஆளை அனுப்பினார். இடம் கொடுத்தவருக்கே அந்த இடத்தில் இடம் இல்லை என்றான பிறகு, மற்றவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அடுத்து சங்கம் கூட்டிய கூட்டத்துக்குப் போனேன்.

தீர்மானம் சின்னதுதான். அடுப்புப் பக்கம் கட்டுக்கழுத்திகள் மட்டும். மற்றவர்கள் மாவு இடிப்பது, சலிப்பது, பாத்திரம் தேய்ப்பது. இடிக்கிறவர்களுக்கு அரைப் பங்கு. இடிப்பதிலும் முதல் உலக்கையைக் கட்டுக்கழுத்திதான் போட வேண்டும், அதற்கப்புறம் நாள் முழுக்க இடிப்பது யார் என்று யாரும் பார்ப்பதில்லை. தோள் இற்றுப்போகிற வேலைக்கு மட்டும் ராசி தேவையில்லை போலிருக்கிறது.

"இந்தச் சங்கம் யாருக்காக ஆரம்பிச்சது? சொல்லுங்க" என்று கத்தினேன்.

பூக்காரம்மாதான் சொன்னார்: "உங்க கோவம் நாயந்தான் டீச்சர். ஆனா நாளைக்கு நீங்க வேற ஊருக்கு மாறிப் போயிருவீக. ஆர்டர் குடுக்குறவுக இங்கதானே இருப்பாக? அவுகளுக்குப் பிடிக்காதத நாம எப்புடிச் செய்யிறது?"

கை தூக்கச் சொன்னார்கள். கட்டுக்கழுத்திகள் தூக்கினார்கள். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சேலைகளும் ஒவ்வொன்றாகத் தூக்கின. அக்காவின் கையும் மேலே போனது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"ஏன்க்கா தூக்குனீங்க?"

"சங்கம் இருந்தாத்தானே டீச்சர் இடிக்கிற வேலையாச்சும் இருக்கும்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். நாங்கள் பிடித்தது குரங்காகக்கூட ஆகவில்லை. ஊர் பார்க்க அழகான பிள்ளையாராகவே நின்றது, நாங்கள்தான் அதற்கு வெளியே நின்றோம். அந்த வருஷம் நன்றாக நடக்கிற சங்கம் என்று அதிகாரிகள் வந்து ஒரு கோப்பை கொடுத்து போட்டோ எடுத்தார்கள். மாவு இடிக்கிறவர்களையும் கூப்பிடுங்கள் என்றேன். கையெல்லாம் மாவாக இருக்கிறது என்று அவர்களே வர மறுத்துவிட்டார்கள்.

அரைப் பங்கில் வாடகை கொடுக்க முடியவில்லை. அடுத்த மழையில் கூரை ஒழுகியபோது அக்கா பாத்திரத்தை மூட்டை கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே திரும்பினார். மகள் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதவில்லை. அவளுக்கு இடம் பார்த்துத் தருகிறேன், பட்டணத்தில் விடுதி இருக்கிறது என்று அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டேன். "கட்டிக்குடுக்குற செலவ நீங்க ஏத்துக்கிறீகளா?" என்று கேட்டார். மாட்டுத் தரகர் இன்னும் காத்திருந்தார். நகை நட்டு எதுவும் வேண்டாம் என்ற பேச்சிலும் மாறவில்லை. அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல அவருக்கு அடுப்பு இல்லை.

கலியாணப் பலகாரம் எங்கள் சங்கத்தில்தான் சுட்டார்கள். அண்ணன் ஒரு பெருமைக்காக அங்கே கொடுத்திருந்தார். சட்டி வைக்கிற அன்று காலையில் நானும் போனேன். அக்கா பின்பக்கம் உரலடியில் நின்று இடித்துக்கொண்டிருந்தார். பூக்காரம்மாவுக்கும் அன்று மனசு கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும், "பெத்த தாயி அவுகதானே. போடுறதுன்னா போடட்டும் டீச்சர், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே கூப்பிட்டுப் பாருங்க" என்றார். நான் ஓடினேன்.

"வாங்கக்கா. உங்க மக கலியாணம். முதல் சீடைய நீங்க போடுங்க. ஒருத்தரும் தடுக்க மாட்டாங்க."

உலக்கை நின்றது. "வெளையாடாதீக டீச்சர்."

"என்ன விளையாட்டு? அந்த ஆளு ஒரு பொண்டாட்டியைக் காட்டுக்கு அனுப்பிட்டு வந்து மறுபடியும் மணையில உக்காருறாரு. அவரு ராசிய யாராவது கேட்டாங்களா? உங்க கை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அவுக ஆம்பள" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் ராசி எனக்குத் தெரியும். எம் மகளுக்கு அது ஒட்டிக்கிறக் கூடாது. என்னைய விட்டுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். மறுபடியும் உலக்கையை எடுத்தார்.

இத்தனை வருஷமும் நான் கலியாண வீட்டாரோடும் சங்கத்தோடும் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் சண்டை போட ஆளே இல்லாமல் போனது. அடக்க முடியாமல் அந்த உரலடியிலேயே அழுதேன். குலவைச் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. சீடை மிதந்து வந்திருக்கும்.

அதற்குப் பிறகு என்னை ராமநாதபுரம் பக்கம் மாற்றிவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில், எனக்குக் கொஞ்சம் பதவி உயர்ந்து, சங்கங்களைப் பார்வையிடுகிற வேலையில் திரும்பி வந்தேன். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்திருந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மேலே காற்றாடி, சுவரில் அதிகாரிகள் கோப்பை கொடுக்கிற போட்டோ. பூக்காரம்மா மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கணக்கு வழக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மில் மாவில் சீடை சரியாக வராது என்பதால் இடிப்பு மட்டும் நிற்கவில்லை. பின்கட்டில் அக்கா இருந்தார். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பேச்சுக்கு நடுவே, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"வந்துட்டா டீச்சர். அவரு நெஞ்சு வலின்னு படுத்தவரு எந்திரிக்கல. மூத்தாளு பிள்ளைக பெருசாயிட்டாக, போகச் சொல்லிட்டாக." ஒரு பிடி மாவை எடுத்துச் சல்லடையில் போட்டார். "அன்னைக்கு நீங்க சட்டியத் தொடச் சொன்னீக. நான் தொடல. ஆனா மாவு நான் இடிச்சதுதானே? அது எனக்குத் தோணவே இல்ல."

நான் அவர் வாயை மூட நினைத்தேன், அவரை உலுக்க நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. என்னென்னவோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"அவளுக்கும் இங்கன ஒரு வேலைக்குச் சொல்லி விடுங்க டீச்சர். உங்க வார்த்தைக்கு மதிப்புண்டு" என்றார்.

பூக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "நம்ம புள்ளதானே. நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார். எங்கே உட்காருவாள் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது நானும் இருந்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கலாம். வெள்ளைச் சேலையில் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். புதுக் கட்டடம் அவளுக்குப் பழக்கமில்லை, ஆனால் எண்ணெய் வாசம் பழக்கம். காய்ந்த சட்டிக்குப் பக்கத்தில் தட்டு நிறையப் பிழிந்து வெட்டின மாவு இருந்தது. சின்ன வயசில் போய் உட்கார்ந்த மாதிரி, கையைக் கழுவிக்கொண்டு நேராக அந்தப் பக்கம் நடந்தாள். அடுப்படியில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பின்கட்டிலிருந்து அக்காவின் குரல்தான் வந்தது.

"அங்குட்டுப் போகாத தாயி. இங்குட்டு வா."

அவள் நின்றாள். பிறகு திரும்பி அம்மாவிடம் போனாள். அக்கா தன் பக்கத்தில் கிடந்த சுளகைத் தள்ளி வைத்து அவளுக்கு இடம் விட்டார்.